மூன்றாம் தடவை மாஸ் கட்டையைப் பிடித்தது

மாஸ் என்றால் மீன்தொட்டியில் வளர்க்கும் பச்சைப் பாசிச் செடி. அதைக் கட்டையோடு கட்டியிருந்த நூலை இன்று காலை அறுத்தேன். மாஸ் அசையவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தும் பார்த்தேன், கட்டையை விடவில்லை. எட்டு வாரம் காத்ததுக்குக் கிடைத்த சந்தோஷம் இது.

முதல் தடவை சித்திரையில் கட்டி நேரே தொட்டிக்குள் இறக்கினேன். ரங்கூன் வெயில் தெரியுமே, திஞ்ஜான் புத்தாண்டு வாரத்தில் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. ஃபேனை நீர்மட்டத்துக்கு மேல் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அதுக்குக் கரண்ட் வேண்டும். பத்தே நாளில் எல்லாம் பழுப்பு. மார்கழிக் குளிரில் மறுபடி கட்டினேன். அப்போது சூடு கெடுக்கவில்லை, பருத்தி நூல் கெடுத்தது. மாஸ் பிடிக்கும் முன்னாலேயே நூல் இற்றுப்போய், ஃபில்டர் ஓட்டத்தில் கொத்துக் கொத்தாகக் கிளம்பி மிதந்தது.

ஆனி மாதம் எங்கள் மதில் சுவர் தானாகப் பச்சை பிடிப்பதைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. இந்த ஊர் மழைக்காலமே மாஸ் வளர்க்கிறது, தொட்டியில் தண்ணீர் எதற்கு? காலித் தொட்டியில் கட்டையை வைத்து, மேலே பாலிதீன் மூடி, காலையும் மாலையும் மழைத்தண்ணீர் ஸ்பிரே. வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது. கரண்ட் போனாலும் கவலையில்லை. தினமும் ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து காற்றாட விடவேண்டும். நான் திறக்காமல் விட்டுப்போன ஒரு வாரத்தில் மூலையில் வெள்ளைப் பூஞ்சை வந்து, அந்த இடத்தை வெட்டி எறிந்தேன்.

ஆனால் இதெல்லாம் பாதிதான். மாஸை எவ்வளவு மெல்லிசாகப் பரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு இரண்டு தடவையும் மெத்தை மாதிரி அடுக்கினேன். அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, மேல்பக்கத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டது. மாஸுக்கு வேர் கிடையாது, மயிரிழை போன்ற பற்றுநூல்கள்தான். அவை பிடிக்க மாஸ் மரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் இம்முறை கீரை நறுக்குவதுபோல் மூன்று மில்லிமீட்டருக்குப் பொடியாக நறுக்கி, டீ வடிகட்டியில் பிழிந்து, விரலால் அழுத்தி அப்பினேன். அப்பிய பிறகும் இடையிடையே மரம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அதிகம், வழித்து எடுத்துவிடுங்கள். அதன்மேல் தூண்டிலுக்கு வரும் மிக மெல்லிய நைலான், விரல் அகலத்துக்கு ஒரு சுற்று. அறுக்கும்போது கட்டையின் அடிப்பக்கத்தில் அறுத்து, ஒவ்வொரு துண்டாக உருவவேண்டும். மொத்தமாக இழுத்தால் மாஸும் வந்துவிடும்.

கட்டை, பெகுவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த சொரசொரப்பான வேர். மூன்று தடவை வேகவைத்தும் தண்ணீர் சாயத் தேநீர் நிறத்தில்தான் வந்தது.

கிறிஸ்மஸ் மாஸ் என்று காசு கொடுத்து வாங்கியது ஜாவா மாஸ் என்ற வேறு வகையாக இருந்ததில் இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கிறிஸ்மஸ் என்றால் கிளை முக்கோணமாக, அடுக்கடுக்காக விரியும். ஜாவா கண்டபடி ஓடும். பெயர்க் குழப்பம் புதிதில்லைதான்: ஜாவா மாஸை நெடுநாள் வெசிகுலேரியா டுபியானா என்றே விற்றார்கள், அது உண்மையில் சிங்கப்பூர் மாஸ். ஜாவாவின் பெயர் டாக்ஸிஃபில்லம் பார்பியேரி. பிறகு நண்பர் ஒருவர் நிஜமான கிறிஸ்மஸ் ஒரு பிடி கொடுத்தார். கட்டையின் வலப்பக்கம் அதுதான், ஜாவாவைவிட இறுக்கமாகப் பிடித்திருப்பதும் அதுதான்.

கட்டை தேறிவிட்டால் கேலக்ஸி ரஸ்போரா விடப்போகிறேன். 2006இல் நம் ஷான் மாநிலத்து ஹோபோங் பக்கம் கண்டுபிடித்த இரண்டு சென்டிமீட்டர் மீன், மாஸுக்குள்தான் முட்டை தூவும். மலைக்குளத்து மீன், ரங்கூன் சித்திரையைத் தாங்காது. ஷான் மலையூரான தௌங்ஜியில் இருக்கும் சித்தப்பாவிடம் வெயில் மாதங்களில் தொட்டி வைக்க இடம் கேட்டேன். “முதல்ல கட்டை தண்ணியில நிக்கட்டும்டா, ஐப்பசியில பேசலாம்” என்றார்.

பாதித் தொட்டிக்கு மட்டும் இன்று தண்ணீர் விட்டிருக்கிறேன். காற்றில் வளர்ந்த நுனிகள் கொஞ்சம் மஞ்சளிக்கும், அதற்காகப் பிடுங்கப்போவதில்லை. மூழ்கிய பக்கம் முழுக்கக் காற்றுக்குமிழ் ஒட்டி வெள்ளி மாதிரி நிற்கிறது. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமை.