ஆலோலம்

நான் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடக்காரி. 1989-ல் பதினேழு வயதில் முதல் தடவை வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியாகப் பரண் ஏறினேன். என் அம்மாவும் ஸ்திரீபார்ட்தான். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக சினிமாவிலும் அம்மா, அத்தை, பெரியம்மா என்று சின்னச் சின்ன வேடங்கள் செய்து வருகிறேன். இரண்டையும் நடிப்பு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதானா என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக டேட் வாங்கி அழைப்பார்கள். கதாநாயகனான ராஜபார்ட் திண்டுக்கல்லில் இருந்து வருவார், பபூன் புதுக்கோட்டையில் இருந்து வருவார், நாரதர் மதுரையில் இருந்து வருவார். பல நாள் நாரதரின் முகத்தை நான் முதன்முதலாகப் பார்ப்பதே மேடையில்தான். எங்களைச் சேர்த்துக் கட்டுவது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும். சுவாமிகள் 1922-ல் காலமாகிவிட்டார். இன்றைக்கும் பங்குனி பிறந்தால் அவர் பாட்டை நம்பித்தான் நாங்கள் பஸ் ஏறுகிறோம்.

இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். முதலில் பபூனும் டான்ஸும். வள்ளி தினைப்புனப் பரணில் நின்று, பறவை விரட்டும் ஆலோலம் பாடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அப்புறம் நாரதரோடு தர்க்கம், வேடன் வேடத்தில் வரும் முருகனோடு தர்க்கம். தர்க்கத்துக்கு எழுதி வைத்த வசனம் போதாது. இல்லறம் பெரிதா, துறவறம் பெரிதா என்று ஆரம்பித்து எதிரே நிற்பவர் எங்கே வேண்டுமானாலும் போவார், பின்னாலேயே நாம் போக வேண்டும். முதல் சீசனில் ஒரு நாரதர் திருக்குறளில் இருந்து ஒரு கேள்வி போட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் விசில் கிளம்பியது. ஆர்மோனியப் பெட்டியில் உட்கார்ந்திருந்த பின்பாட்டுக்கார அண்ணன் சுருதியை அழுத்தி, நான் அடுத்துப் பாட வேண்டிய பாட்டின் முதல் வார்த்தையைத் தானே எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிட்டேன். பாட்டு முடிவதற்குள் பதிலும் கிடைத்துவிட்டது. அவர் இப்போது இல்லை. நாடகம் தொடங்கும் முன் பெட்டியைத் தொட்டுக் கும்பிடும்போதெல்லாம் அவரையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

எங்கள் தொழிலில் எல்லாமே குரல்தான். மைக் இல்லாத காலத்தில் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக உச்சத்தில் பாடிப் பழகிய பரம்பரை இது. மைக் வந்த பிறகும் சுருதிக் கட்டையைக் குறைக்க மனம் வரவில்லை. கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் சிறுமியாக ரயிலில் பாடியவர், நாடகத்துக்கு வந்தார், இலங்கை வரை போய்ப் பாடினார். கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்ததும் வெள்ளைப் புடவைக்கு மாறினார். அதன்பிறகு அவரைப் படத்தில் நடிக்க வைக்க, நந்தனார் வேடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அது 1935-ல். ஒரு பெண்ணுக்கு ஆண் வேடம், அந்தக் காலத்தில் அவ்வளவு பணம்! அந்தக் குரலுக்குக் கொடுத்த விலை என்றுதான் என் அம்மா சொல்லுவாள்.

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931-ல் வந்தபோது கதாநாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமியும் நாடக மேடையில் வளர்ந்தவர்தான். 1933-ல் படமான வள்ளி திருமணத்தில் அவர்தான் வள்ளி. 1936-ல் மிஸ் கமலா என்று தானே ஒரு படத்தை இயக்கினார். அன்றைக்கு நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்தார்கள். பாடத் தெரிந்தவர்கள், கூட்டத்துக்குப் பயப்படாதவர்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்ட பெண்கள் நாடகத்தில்தான் இருந்தார்கள். 1938-ல் நந்தகுமார் படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் முறை தமிழுக்கு வந்தது. இந்த வருடத்தை நான் மறப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

என் முதல் படம் மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் எடுத்தது. நாடகம் பார்க்க வந்த உதவி இயக்குநர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். மகனைப் பறிகொடுத்த தாய் வேடம். முதல் ஷாட்டில் நான் வாய் திறந்ததுமே இயக்குநர் நிறுத்தினார். "அம்மா, நடிக்காதீங்க. சும்மா பேசுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை. நடிக்கத்தானே கூப்பிட்டார்கள்! எதிராளியின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட் முடிந்து க்ளோசப் வைத்தபோது எனக்கு எதிரே நடிகரே இல்லை. அவர் கேரவனுக்குப் போய்விட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பையன் அவருடைய வசனத்தைப் பேப்பரைப் பார்த்து வாசித்தான். நான் தெர்மகோல் அட்டையைப் பார்த்து அழுதேன். எதிராளி சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லியே இருபது வருடம் சம்பாதித்தவள் நான். அன்றைக்கு எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

படம் வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் முகம் திரையில் வந்தது. வாய் அசைந்தது. பேசியது வேறொரு பெண். சீசனில் கரகரத்துப் போன என் குரல் சரிப்படாது என்று டப்பிங்கில் மாற்றிவிட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசியவர் நன்றாகவே பேசியிருந்தார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அம்மா என் காதருகே குனிந்து, "ஏண்டி, உன் தொண்டை எங்கடி போச்சு?" என்று கேட்டாள். இடைவேளைக்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த படத்துக்கு அழைப்பு வந்தபோது அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிட்டேன்: குரலும் நான்தான் கொடுப்பேன். ஒத்துக்கொண்டார்கள். டப்பிங் அறையில் போய் நின்றால் மறுபடியும் அதே பிரச்சினை. என் வாயிலிருந்து வள்ளிதான் வருகிறாள். ஏழெட்டுத் தடவை முயன்று பார்த்துவிட்டு இன்ஜினியர் தம்பி டீ குடிக்கப் போனார். இருட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அது தோன்றியது.

மேடையில் எங்களுக்கு இன்னொரு குரல் உண்டு. கூட்டத்துக்குக் கேட்கவே கேட்காத குரல். ஒத்திகை இல்லாததால் மேடையிலேயேதான் பேசி முடிவெடுப்போம். தர்க்கம் சூடாக நடக்கும்போதே மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, உதடு அசைவது தெரியாமல், "அண்ணே, சரணம் நீங்க எடுங்க", "அண்ணே, தொண்டை கட்டிருச்சு, ஒரு பாட்டைக் குறைச்சுக்குவோம்" என்போம். ஒரு நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாடகத்துக்கு வந்திருந்தேன். வேடனாக வந்த ராஜபார்ட் அண்ணன் என்னைக் கேலி செய்து பாடிக்கொண்டே, நடுவில் மூச்சு வாங்கும் இடத்தில், "அம்மா எப்படி இருக்கு?" என்று கேட்டார். "கண் முழிச்சிருச்சுண்ணே" என்றேன். முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. எத்தனையோ ராத்திரி நாங்கள் ஒருவரை ஒருவர் கரை சேர்த்தது அந்தக் குரலில்தான். இயக்குநர் கேட்டது இதைத்தான். அதை நடிப்புக்கு வெளியே உள்ளதாக நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். இன்ஜினியர் தம்பி திரும்பி வந்ததும் அந்த வசனத்தை ராஜபார்ட் அண்ணனிடம் சொல்வதுபோல் சொன்னேன். அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைக் காட்டினார்.

இரண்டு வருடம் முன்பு ஒரு படத்தில் லைவ் சவுண்ட் என்றார்கள். டப்பிங் கிடையாது, நடிக்கும்போதே பதிவு. ராஜலட்சுமி அம்மா காலத்து முறை திரும்பி வந்ததுபோல் எனக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மகனாக நடித்தது புதுப் பையன். நீளமான ஷாட். பாதியில் அவனுக்கு வசனம் மறந்துவிட்டது. முகம் வெளிறுவது தெரிந்தது. எனக்கு அந்தப் பழைய விசில் சத்தம் கேட்டது. யோசிக்கவே இல்லை, தலையைக் குனிந்து உதட்டை அசைக்காமல் அவனுடைய அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். அவன் பிடித்துக்கொண்டு பேசி முடித்தான். ஆனால் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அம்மா, அது நீங்களா?" என்று கேட்டார். மைக் புடவைக்குள் அல்லவா இருந்தது! டேக் போயிற்று. மறுபடி எடுத்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பையன் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். "அதை எப்படிம்மா பண்ணீங்க?" என்றான். மூச்சை விடும்போது சொல்லணும், முதல் வார்த்தையை மட்டும் சொல்லணும் என்று காட்டிக் கொடுத்தேன். சோற்றைப் பிசைந்தபடியே அவன் செய்து பார்த்தான். உதடு அசைந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன்.