வேகமானி இல்லாமல் பறப்பது: பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 3

வேகமானியின் முள் பூஜ்ஜியத்தில் கிடந்தால் யாரும் அதை நம்பப் போவதில்லை. நம்பும்படியாகப் பொய் சொல்லும்போதுதான் ஆபத்து. எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுவரும் பிட்டோ குழாயின் வாய் மட்டும் அடைத்து, நீர் வடியும் துளை திறந்திருந்தால் அழுத்தம் கசிந்து முள் இறங்கிவிடும். இரண்டுமே அடைத்தால் உள்ளே காற்று சிறைப்படும். விமானம் ஏற ஏற வெளியழுத்தம் குறைவதால் முள் மேலே போகும். வேகம் கூடுகிறதென்று மூக்கைத் தூக்கினால் உண்மை வேகம் குறையும். முள்ளோ இன்னும் ஏறும். கடைசியில் ஸ்டால்: இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டா அருகே கடலில் விழுந்த பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757இல் 189 பேர் இறந்தார்கள். கேப்டன் பக்கத்து பிட்டோ குழாய் அடைத்திருந்தது. குளவிக்கூடாக இருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. ஓடுபாதையிலேயே அவர் பக்கத்து வேகமானி வேலை செய்யவில்லை என்று தெரிந்திருந்தது.

ஜூன் 4

அதனால்தான் புறப்பாட்டு ஓட்டத்தில் முள் அசைகிறதா என்று பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அசையவில்லையா? த்ராட்டிலை (என்ஜின் சக்திப் பிடியை) மூடு, பிரேக் போடு. இதில் யோசிக்க எதுவுமில்லை.

ஜூன் 8

மேலே போன பிறகு தெரிந்தால், முதலில் இறக்கையைச் சமமாக்கு. மூக்கின் கோணத்தையும் என்ஜின் சக்தியையும் பழகிய அளவில் வை. பிட்டோ ஹீட்டரைப் போடு. அடைத்தது பனியென்றால் சில நிமிடங்களில் முள் திரும்பலாம்.

அந்தப் பழகிய அளவை அன்றைக்குத் தேட முடியாது. வேகமானி நன்றாக இருக்கும் நாளிலேயே ஏற்றம், மட்டப் பறப்பு, இறக்கம் மூன்றுக்கும் ஆர்.பி.எம். (என்ஜினின் நிமிடச் சுழற்சி), ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கும் மடிப்பு), மூக்கின் கோணம், கிடைத்த வேகம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை என்ஜின் விமானத்தில் மட்டப் பறப்புக்கு 2,300 ஆர்.பி.எம். வைத்தால் ஏறத்தாழ 100 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), 1,500 ஆர்.பி.எம்., 20 டிகிரி ஃபிளாப் வைத்து இறங்கினால் 65 முதல் 70. மாடலுக்கும் எடைக்கும் ஏற்ப மாறும். உங்கள் விமானத்தின் எண்ணே உங்களுக்கு எண்.

ஜூன் 9

வேகமானி தவறாகக் காட்டுவதோடு உயரமானியும் உறைந்துவிட்டால், அடைப்பு வெளியழுத்தத்தை எடுக்கும் ஸ்டாட்டிக் துளையில். மாற்று ஸ்டாட்டிக் குமிழை இழுங்கள்; மானிகள் கேபினுக்குள்ளிருக்கும் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். கேபின் அழுத்தம் சற்றுக் குறைவு, ஆகவே இரண்டு மானிகளும் பொதுவாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

ஜூன் 13

தரையிறக்கம். ஜி.பி.எஸ். தருவது தரைவேகம். எதிர்காற்று 10 நாட் என்றால், 65 நாட் வேகத்தில் இறங்கும்போது திரையில் 55 தெரிய வேண்டும். 5,000 அடி உயரத்து ஓடுபாதையில் காற்று மெலிந்திருப்பதால், வேகமானி காட்ட வேண்டிய அதே 65க்கு விமானம் காற்றில் உண்மையில் போகும் வேகம் சுமார் 70. அதே எதிர்காற்றில் அங்கே திரையில் 60. செஸ்னா 172இன் ஸ்டால் ஹாரன் (ஸ்டால் நெருங்கும்போது எச்சரிக்கும் ஊதி) இறக்கை முன்விளிம்பின் துளையிலிருந்து வேலை செய்கிறது. பிட்டோ அடைத்தாலும் அது ஊதும். இறங்கும் பாதையில் ஊதினால் உடனே மூக்கைத் தாழ்த்தி, சக்தியைக் கூட்டுங்கள்.

பயத்தில் பலரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். 5 நாட் கூடுதல் போதும். 20 என்றால் சக்கரம் தரையைத் தொடாமல் ஓடுபாதை முழுக்க மிதக்கும். நீளமான ஓடுபாதையைக் கேட்டு வாங்குங்கள்.