வெல்டிங் தெரியாதவர் சி-10 ஃபிரேமில் கை வைக்கலாமா?

1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலே சி-10 பிக்கப்பின் அடியில் படுத்துப் பார்த்தால், ஏணி வடிவிலான அதன் ஃபிரேமில் நீளவாக்குச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் பெரும்பாலும் ரிவெட்டுகளே (தலையை அடித்து இறுக்கும் ஆணிகள்) பிணைத்திருப்பதைக் காணலாம். சுமையோடு மேடு பள்ளத்தில் ஓடும்போது ஃபிரேம் ஓரளவு முறுக்கிக்கொள்ளும். அந்த நெளிவை ரிவெட் இணைப்பு பொறுத்துக்கொள்கிறது. வெல்டிங் செய்த இடத்தை ஒட்டிய உலோகமோ சூட்டில் தன்மை மாறிவிடுவதால் விரிசல் அங்கே தொடங்க வாய்ப்பு அதிகம். ஆகவே வெல்டிங் தெரியாத ஒருவர், தொழிற்சாலை கையாண்ட முறைக்கு நெருக்கமான போல்ட் இணைப்போடு நின்றுகொள்வது குறுக்குவழி அல்ல என்பதே என் கருத்து.

என்னிடம் இருப்பது 1970ஆம் ஆண்டு வண்டி. முன்பக்கத்தை நான்கு அங்குலம், பின்பக்கத்தை ஆறு அங்குலம் தாழ்த்த விரும்பினேன். முன்பக்கத்தில் ஃபிரேமைத் தொட வேண்டிய தேவையே இல்லை. வண்டியைத் தாழ்த்தும் வகை ஸ்பிண்டில்களையும் (முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சுகள்) குட்டையான ஸ்பிரிங்குகளையும் மாற்றிப் பூட்டினால் போதும். பின்பக்கம் அப்படியல்ல. ஆக்ஸில் ஃபிரேமுக்குக் கீழே ஓடுவதால், அவ்வளவு தாழ்த்திய பின் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் அது சட்டத்தில் போய் முட்டும். அதற்கு இடம் விட, சட்டத்தின் அடிப்பகுதியில் ஒரு வளைவை வெட்டியெடுத்து, அவ்விடத்தில் கனமான எஃகுத் தகட்டைப் பொருத்த வேண்டும். இதைத்தான் அமெரிக்கக் கராஜ்களில் சி-நாட்ச் என்கிறார்கள். போல்ட்டால் மட்டுமே பூட்டக்கூடிய சி-நாட்ச்கள் கடைகளில் கிடைக்கின்றன.

இங்கே என்ன இழக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்ளாமல் ரம்பத்தை எடுக்கக் கூடாது. சி வடிவச் சட்டத்தில் வளைவு விசையின் பெரும்பங்கைச் சுமப்பவை மேல், கீழ் விளிம்புகள்; நடுச்சுவரின் மத்தியில் அந்த விசை மிகக் குறைவு. சி-நாட்ச் வெட்டும்போது கீழ்விளிம்பே துண்டாகிறது. எனவே பொருத்தும் தகடு வெறும் ஒட்டாக இருந்தால் போதாது. தனக்கென ஒரு விளிம்பு கொண்டதாகவும், வெட்டின் இருபுறமும் நன்றாக நீண்டு பல போல்ட்டுகளால் நடுச்சுவரைப் பற்றுவதாகவும் இருக்க வேண்டும். வெட்டின் மூலைகள் கூராக இருந்தால் விரிசலுக்கு அவையே வாசல் என்பதால், முதலில் மூலைகளில் வட்டத் துளையிட்டு, பிறகு அத்துளைகளை இணைத்து வெட்டி, ஓரங்களை அரத்தால் வழுவழுப்பாக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துப் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொடலாம். வெட்டும் இடத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஃபிரேம் ஸ்டாண்டுகளின் மேல் அமர்ந்திருப்பது அவசியம்.

தகட்டுக்கு இடையூறாக இருக்கும் பழைய ரிவெட்டுகளை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். தலையைக் கிரைண்டரால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி உளியால் பெயர்த்து, நடுவில் டிரில் செய்து, மீதியைப் பஞ்ச் என்னும் எஃகுக் கம்பியால் அடித்து வெளியேற்ற வேண்டும். கிரைண்டர் சட்டத்தைத் தீண்டக் கூடாது. தொழிற்சாலையில் அடித்துப் பொருத்தும்போது ரிவெட் உப்பித் துளையை நிறைத்துக்கொள்ளும். போல்ட் அப்படி நிறைக்காது. தகடுகளை இறுக்கி நெரிக்கும் விசையால்தான் அது வேலை செய்கிறது. ஆகவே தேய்ந்த துளையை, துளையைச் சீராக அகலப்படுத்தும் ரீமரால் அடுத்த அளவுக்குச் சீராக்கி, அதில் இறுக்கமாக நுழையும் போல்ட்டையே போட வேண்டும். தகடுகள் சறுக்க முயன்று போல்ட்டைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை விழும் இடத்தில் மரையில்லாத தண்டுப் பகுதி அமையும்படி நீளத்தைத் தேர்வதும் முக்கியம். தலையில் ஆறு கோடுகள் உள்ள கிரேடு 8 போல்ட்டின் இழுவிசை வலிமை குறைந்தது சதுர அங்குலத்திற்கு 1,50,000 பவுண்டு. மூன்று கோடுகள் உள்ள கிரேடு 5க்கு அது 1,20,000. பளபளப்புக்காகச் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சிலர் போடுகிறார்கள். அது கிரேடு 8ஐவிட வலிமை குறைந்தது; கண்காட்சி வண்டிக்குக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வண்டிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. பிரேக் குழாய்களும் எரிபொருள் குழாயும் ஃபிரேமை ஒட்டியே ஓடுகின்றன. தீப்பொறி பறக்கும் வேலைக்கு முன் டாங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக் குழாய்களையும் விலக்க வேண்டும். பாதி டாங்க்தான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வது ஆபத்து, ஏனெனில் தீப்பற்றுவது ஆவி.

சுத்தியலால் தட்டும்போது துரு அடுக்கடுக்காக உதிரும் சட்டத்தில் எந்தப் போல்ட்டும் பிடிக்காது. அதேபோல், 127 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட நீளப் படுக்கை வண்டியை 115 அங்குலமாகக் குறுக்கும் வேலையையும் நான் வீட்டில் செய்யத் துணிய மாட்டேன். சட்டத்தையே துண்டாக்கி இணைக்கும் அந்த வேலை, சான்றிதழ் பெற்ற வெல்டருக்கு உரியது. புதிதாகக் கற்றவர் போடும் வெல்டிங் மேலே அழகாகத் தெரிந்தாலும் உள்ளே இறங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டையோ இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்துவிடலாம்.

தாழ்த்தி முடித்ததும் பின் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் பழைய கம்பி, மாறிய உயரத்தில் அதை இழுத்துவிடுகிறது. நீளத்தை மாற்றக்கூடிய கம்பியைப் போட்டு ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவந்து, சில நூறு மைல் ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.