நிம்மதி யாருடைய வேலை?

குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராக இருக்கிறேன். கல்லூரியில் படித்த சமூகவியலில் அமெரிக்க அறிஞர் டால்காட் பார்சன்ஸ் மட்டும் இந்த வேலையில் என்னை விடுவதே இல்லை. தொழில் வளர்ந்த சமூகத்தில் குடும்பத்தின் பழைய பொறுப்புகள் பலவும் ஆலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்விட்டன. குடும்பத்தால் மட்டுமே முடிகிற இரண்டுதான் மிச்சம் என்று 1955-இல் இன்னொரு சமூகவியலாளரான ராபர்ட் பேல்ஸுடன் சேர்ந்து எழுதியவர் அவர். ஒன்று, குழந்தையைச் சமூகத்துக்குப் பழக்குவது. மற்றொன்று, பெரியவர்களின் மனம் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாவதை நான் தினமும் பார்க்கிறேன். மனுவில் காரணம் எதுவாக இருந்தாலும், பேச உட்கார்ந்தால் "வீட்டுக்கு வந்தா நிம்மதியே இல்ல மேடம்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வருகிறது.

ஒரு தம்பதி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார், அவரும் இதையேதான் சொன்னார். மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்ததே, அதைத்தான் அந்தப் பெண் எடுத்தார்: "கடையிலயாவது இப்ப ஸ்டூல் போட்டிருக்காங்க. வீட்டுல எனக்கு உட்கார நேரம் ஏது?" கணவர் பதில் சொல்லவில்லை.

பார்சன்ஸ் தடுக்கி விழுவது இங்கேதான். சம்பாதிப்பது கணவர், தேற்றுவது மனைவி என்று அன்றைய அமெரிக்க நடுத்தர வர்க்க வீட்டைப் பார்த்துப் பிரித்தார். தேற்றுகிறவரை யார் தேற்றுவது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. அவளும் சம்பளத்துக்குப் போய் வந்தால்? 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் வீட்டு வேலை பார்க்கிறவர்களுக்கே 97 நிமிடம்தான். நிம்மதியை உண்டாக்க உழைப்பு வேண்டும், அந்த உழைப்பு ஒரே ஆள் தலையில் விழுகிறது. "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று பெண்ணிடம் மட்டும் சொல்கிற ஆலோசனையை நான் ஏற்பதில்லை. அது அவள் வேலையைத்தான் கூட்டும்.

அதனால் இருவரிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, முந்தைய நாள் மணிவாரியாக என்ன செய்தார்கள் என்று எழுதச் சொல்கிறேன். அந்தக் கணவர் மனைவியின் தாளை ரொம்ப நேரம் படித்தார். அப்புறம், ராத்திரிப் பாத்திரமும் பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வருவதும் இனி தன் பொறுப்பு என்றார். சரி, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். போட்டார். வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.