முகப்பு வழியாக வராதவர்களுக்காக: ஓர் ஆவணத் தளத்தை வெளியீட்டுக்கு முன் பரிசோதித்த அனுபவம்

நான் சில ஆண்டுகளாகப் பங்களித்து வரும் ஒரு திறமூல மென்பொருள் கருவியின் ஆவணத் தளம் (அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் இணையதளம்) முழுவதுமாக மாற்றி வடிவமைக்கப்பட்டபோது, வெளியிடுவதற்கு முன் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி பராமரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். சோதனைத் தளத்தின் முகவரியோடு, வண்ணங்கள் கண்ணுக்கு உறுத்துகின்றனவா, பக்கப் பட்டியல் இடப்பக்கம் இருக்கலாமா என்பன போன்ற சில கேள்விகளும் வந்தன. முகப்புப் பக்கம் அழகாகவே இருந்தது. ஆனால் பழைய தளத்தின் சர்வர் பதிவேட்டைப் பார்த்தால், முகப்பு வழியாக வருபவர்கள் குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. ஏதோ ஒன்று வேலை செய்யாமல் போன நேரத்தில், தேடுபொறி காட்டிய இணைப்பையோ யாரோ எப்போதோ எழுதிவைத்த பதிலையோ பிடித்துக்கொண்டு, நேரே நடுப்பக்கம் ஒன்றில் வந்து இறங்குபவர்களே அதிகம். அவர்களுடைய இடத்திலிருந்தே தளம் முழுவதையும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் முகவரிகளை எடுத்துக்கொண்டேன். புதிய தளம், டானியேலே புரோசிடா வகுத்த டியாடாக்சிஸ் என்ற ஆவண ஒழுங்குமுறையைப் பின்பற்றி, பயிற்சிகள், செய்முறைகள், உசாத்துணை, விளக்கங்கள் என நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இந்தப் பிரிவினை படிப்பவருக்கு உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. முன்பு நிறுவும் முறையும், அதன் பின்னணிக் காரணங்களும், எல்லா அமைப்புகளின் பட்டியலும் ஒரே நீண்ட பக்கத்தில் கலந்து கிடந்தன. ஆனால் அந்தப் பக்கம் மூன்றாகப் பிரிந்தபின் அதன் பழைய முகவரி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஆள்தான் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். பழைய தளத்தின் சைட்மேப்பிலிருந்து (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) முகவரிகள் அனைத்தையும் எடுத்து, ஒவ்வொன்றையும் சோதனைத் தளத்தில் கேட்டுப் பார்க்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். நேராக 404, அதாவது பக்கம் இல்லை என்ற பதில், கொடுத்தவற்றைத் திருத்துவது எளிதாக இருந்தது. அதைவிடத் தொல்லை தந்தவை, இன்ன பக்கத்துக்கு என்று முடிவு செய்யாமல் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடப்பட்டிருந்த ரீடைரெக்டுகள். ஸ்கிரிப்ட் அவற்றை வெற்றி என்றே எண்ணிக்கொண்டது. பிழைக்குத் தீர்வு தேடி வந்தவருக்கோ, கேட்ட கேள்வியைக் காதில் வாங்காமல் வாசலைக் காட்டியது போல இருக்கும்.

பழைய முகவரிகளைக் காப்பாற்றுவது வெளியீட்டையே தள்ளிப்போடும் அளவுக்கு முக்கியமா என்று வடிவமைப்பை முன்னின்று செய்தவர் கேட்டார். தேடுபொறிகள் எப்படியும் புதிய முகவரிகளுக்கு மாறிவிடும் என்பது அவருடைய வாதம், நியாயமான வாதம்தான். பதிலாக நான், மென்பொருளின் மூலநிரலில் ஆவணத் தளத்தின் முகவரி எங்கெல்லாம் வருகிறது என்று தேடி, கிடைத்த பட்டியலை இணைத்தேன். எங்கள் பிழைச்செய்திகள் பலவற்றின் இறுதியில், மேலும் விவரங்களுக்கு இங்கே பார்க்கவும் என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அடுத்த பதிப்பில் அவற்றை மாற்றிவிடலாம்; ஏற்கெனவே வெளியாகி, யார் யாருடைய கணினிகளிலோ ஓடிக்கொண்டிருக்கும் பதிப்புகள் தம் ஆயுள் முழுவதும் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். அதன்பின் விவாதம் நீளவில்லை.

இதைவிட நுணுக்கமான சிக்கல், முகவரியின் கடைசியில் # குறிக்குப் பின் வரும் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பக்கம் வந்து சேர்ந்தபின் உரிய தலைப்புக்கு நகர்வதற்காகத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆகவே சர்வரில் எத்தனை விதிகள் எழுதினாலும் தலைப்புகளின் அடையாளம் (# குறிக்குப் பின் வரும் அந்தப் பெயர்) மாறியதை அங்கே சரிசெய்ய இயலாது. பக்கம் கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிகளின் கண்ணிலும் இது படாது. பழைய தளத்தை உருவாக்கிய கருவி தலைப்புச் சொற்களுக்கு இடையே அடிக்கோடு இட்டது. புதியது சிறுகோடு இடுகிறது. இந்த ஒரு மாற்றத்தால், நீண்ட உசாத்துணைப் பக்கங்களின் உட்பகுதிக்குச் செல்ல வேண்டிய இணைப்புகள் யாவும் பக்கத்தின் உச்சியிலேயே நின்றுவிட்டன. மொழிபெயர்ப்புப் பக்கங்களின் நிலை இன்னும் மோசம். எழுத்துகளையும் எண்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் ஒரு விதி, யூனிகோடில் தனிக் குறியீடுகளாக இருக்கும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாததால், ‘நிறுவுதல்’ என்ற தலைப்பின் அடையாளம் ‘நறவதல’ என்று ஆகியிருந்தது. இந்திப் பக்கங்களிலும் இதே கதை. தானாக உருவாகும் அடையாளங்களை விட்டுவிட்டு, தலைப்புகளுக்குப் பழைய அடையாளங்களையே கையால் எழுதிவைப்பது என்று முடிவாயிற்று. சலிப்பூட்டும் வேலை, ஆனால் இனி எந்தக் கருவிக்கு மாறினாலும் இந்தத் தொல்லை திரும்ப வராது.

அடுத்து, கட்டளைகள். அவற்றைப் படித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கத்திலிருந்து நகலெடுத்து, புதிதாக அமைத்த ஒரு மெய்நிகர் கணினியின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஒட்டி இயக்கினேன். நகலெடுக்கும் பொத்தான், வரியின் தொடக்கத்தில் காட்டுவதற்காக மட்டும் இடப்பட்டிருந்த டாலர் குறியையும் சேர்த்தே எடுத்தது. புதிய கருவி உரையை அச்சு நூலைப் போல அழகுபடுத்தும் வசதியை இயல்பாகவே இயக்கி வைத்திருந்ததால், வாக்கியங்களுக்கு நடுவே நிரல் என்று குறிக்கப்படாமல் எழுதப்பட்டிருந்த கட்டளைகளில் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகவும், இரட்டைச் சிறுகோடு ஒரே நீளக் கோடாகவும் மாறியிருந்தன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கட்டளை மட்டும் ஓடாது. புதியவர் ஒருவர் இதில் சிக்கினால் தன்மேல்தான் சந்தேகப்படுவாரே தவிர, ஆவணத்தின்மேல் அல்ல.

தேடல் பெட்டியில் வேறொரு வேடிக்கை. உலாவிக்குள்ளேயே இயங்கும் அந்தத் தேடல், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களை அட்டவணையில் சேர்க்காமல் விட்டுவிடும். கட்டுரைகளுக்கு அது பொருத்தம். நிரல் ஆவணத்திலோ ‘கெட்’ (get), ‘லெட்’ (let), ‘இஃப்’ (if), ‘வைல்’ (while) எல்லாம் தேடப்படும் பெயர்கள். அவற்றை இட்டால் வெற்றுப் பக்கமே வந்தது. அந்தப் பட்டியலை நீக்கியதும் சரியாகிவிட்டது.

அணுகல்தன்மையில், வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் ஏஏ நிலையை அளவுகோலாக வைத்துக்கொண்டோம். அது சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3:1 என்ற வேறுபாட்டையும் கேட்கிறது. உரை முழுவதும் தேறியது. இருண்ட தோற்றத்தில் நிரல்களின் குறிப்புரைகள் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில் தோற்றன. இந்த வரியை இயக்கினால் தரவு அழியும் என்பது போன்ற எச்சரிக்கைகளை நாங்கள் அந்தக் குறிப்புரைகளில்தான் எழுதிவைத்திருக்கிறோம். அந்த வழிகாட்டுதல்களின் 2018இல் வந்த 2.1 பதிப்பு, பக்கத்தை 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலும் உரையைப் படிக்கப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருக்கக் கூடாது என்கிறது; 1280 பிக்சல் அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் அதே நிலை வரும். அப்படிப் பெரிதாக்கியபோது, மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டை திரையில் பாதியை அடைத்துக்கொண்டது. விசைப்பலகையால் நகரும்போது இப்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் சட்டகத்தை, அழகைக் கெடுக்கிறது என்று யாரோ நீக்கியிருந்தார்கள். அது அன்றே திரும்பி வந்தது.

எழுந்த குறைகள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்றால் எந்தத் தளமும் வெளிவராது. வந்தவர் தேடியது கிடைக்காமல் போனாலோ, தவறான ஒன்றைச் செய்யும்படி நேர்ந்தாலோ மட்டும் வெளியீட்டை நிறுத்துவது, மற்றவை பின்னர் என்று பிரித்துக்கொண்டோம். படிப்பவர் மென்பொருளின் வேறு பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் அதே பக்கத்துக்குப் போகாமல் அந்தப் பதிப்பின் முகப்புக்குப் போவது முதல் வகையில் சேர்ந்தது. இயங்குதளவாரியாக, சொடுக்கினால் மட்டும் திறக்கும் தாவல்களுக்குள் மறைத்துவைத்த குறிப்புகள் உலாவியின் பக்கத் தேடலில் சிக்காததை நானும் அதே வகையில் சேர்க்கவே வாதாடினேன், பெரும்பான்மை ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியீட்டு நாளில் நான் வலியுறுத்தியவை இரண்டே. சோதனைத் தளத்தைத் தேடுபொறிகள் எடுத்துக்கொள்ளாதிருக்க வார்ப்புருவில் இட்டிருந்த தடைக்குறி அப்படியே உண்மையான தளத்துக்குப் போய்விடக் கூடாது என்பது ஒன்று. ரீடைரெக்டுகளை முதலில் தற்காலிகமானது என்று குறிக்கும் 302 குறியீட்டிலேயே வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. நிரந்தரமான 301ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்வதால், தவறான ஒன்றைப் பின்னர் சர்வரில் திருத்தினாலும் ஏற்கெனவே வந்துபோனவர்களுக்குப் பழைய தவறே தொடரக்கூடும்.

அதன்பின் பதிவேட்டில் 404 வரிகளைத் தொடர்ந்து கவனித்தோம். அவற்றில் பெரும்பகுதி, எங்களிடம் என்றுமே இருந்திராத நிர்வாகப் பக்கங்களைத் துழாவும் தானியங்கிகளுடையவை. அவற்றை வடிகட்டியபின் எஞ்சியவற்றில் பல, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி ஒட்டிக்கொண்ட சரியான முகவரிகள். எங்கள் பிழைச்செய்திகளில் இணைப்பை அடுத்து வாக்கியத்தை முடிக்கும் புள்ளி இருக்கிறது. சில டெர்மினல்கள் அதையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்கின்றன. பழைய சர்வரில் யாரோ எழுதிவைத்திருந்த விதி ஒன்று அந்தப் புள்ளியைச் சத்தமில்லாமல் நீக்கிவந்திருக்கிறது. அதே விதியைப் புதிய சர்வரிலும் சேர்த்தபின் 302களை 301 ஆக மாற்றினோம். தாவல்கள் பற்றிய குறை இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது.