365ஐக் காட்டி மிரட்டினால்: ஒரு முறைப்பாட்டு அனுபவம்

365 என்றால் இலங்கையில் ஒருபாலுறவுக்கு எதிராகக் காட்டப்படும் தண்டனைச் சட்டப் பிரிவு. பொலிஸ் என்னிடம் வாங்கிய அந்த வாக்குமூலத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பஸ் நிலையத்தில் நானும் என் நண்பன் ஒருவனும் கதைத்துக்கொண்டு நின்றோம், பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். என் போனைத் திறக்கவைத்து வாட்ஸ்அப்பை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிங்களத்தில் எழுதிய ஒரு தாள் வந்தது. "சைன் வைச்சிட்டுப் போ. இல்லாட்டி கொப்பருக்குக் கோல் எடுப்பன்" என்றார் தமிழ் தெரிந்த ஒருவர்.

எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. கையெழுத்துக்கு மேலே "எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டுத்தான் வைத்தேன். தாளை வாங்கிய சார்ஜனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசாமல் ஃபைலுக்குள் வைத்தார்!

இரவு விட்டார்கள். கைதுக்கும் துண்டு இல்லை, போனைப் பறித்து வைத்திருந்ததற்கும் துண்டு இல்லை.

தெரிந்த சட்டத்தரணியிடம் போனது வீண் அலைச்சல். "சட்டமே உமக்கு எதிர் தம்பி, பேசாம இரும்" என்றார். தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவுக்குப் பத்து வருடம், 365அ பிரிவுக்கு இரண்டு வருடம் வரை சிறை என்பது உண்மைதான். 1995 திருத்தத்துக்குப் பிறகு 365அ பெண்களுக்கும் பொருந்தும். ஆனால் அவை செயலைத்தான் தண்டிக்கின்றன. ஒருவன் யாரை விரும்புகிறான் என்பது குற்றமில்லை. குற்றமே செய்திருந்தாலும் கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோகவேண்டும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாட்டைத் தமிழிலேயே எடுத்தார்கள். அதில் நீங்கள் யார் என்று விளக்கத் தேவையில்லை. பொலிஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்தப் பொலிஸ் நிலையம், யார் என்ன சொன்னார். ஜீப்பில் ஏறும்போது நண்பிக்கு நான் அனுப்பிய "பிடிச்சிட்டாங்கள்" என்ற ஒற்றை மெசேஜில் நேரம் இருந்தது. கைதுக்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

முகவரி விஷயத்தில் கவனம். கடிதங்கள் அந்த முகவரிக்குத்தான் வரும். நான் நண்பியின் வீட்டைக் கொடுத்தேன். இல்லாவிட்டால் கொப்பருக்குக் கோல் எடுக்கிற வேலையைத் தபால்காரர் செய்திருப்பார்.

இன்னொன்று, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போனால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). முறைப்பாட்டு நகலை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இதைச் சொன்னவர் இரண்டாவதாகப் போன சட்டத்தரணி. அவர் காசும் வாங்கவில்லை.

நடுவில் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு கோல். "சமாதானமாப் போவம், வந்திட்டுப் போங்கோ." எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். இன்றுவரை வரவில்லை. உங்களுக்கும் எடுப்பார்கள், தனியே போய்விடாதீர்கள்.

ஆணைக்குழு விசாரணையன்று அதே சார்ஜன் எனக்கு எதிரே இருந்தார். எந்தப் பிரிவில் கைது செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். பொலிஸ் நிலையத்தின் தகவல் புத்தகத்தில் எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படியானால் இந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி. என் தமிழ் வரியைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. முடிவு இன்னும் வரவில்லை, அடுத்த தவணை போட்டிருக்கிறார்கள்.