பனிமூட்டத்தில் பதினோரு பேர்

ஆண்டுதோறும் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், நவம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையே ஒரு முறையாவது, ஃபிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்விடுவது என் வழக்கம். சேலத்திலிருந்து இருட்டோடு கிளம்பினால் அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது விடிந்திருக்கும். ஏரிக்கரையில் கூட்டம் சேர்வதற்குள் குப்பனூர்ச் சாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் நடக்கத் தொடங்கிவிடலாம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள், நடுவே ஒற்றையடிப் பாதை. எனக்கு இந்த மலையில் வேறெதுவும் வேண்டியதில்லை.

2011 டிசம்பரில் அப்படி ஒரு காலையில், பழம் பறிக்கும் பெண்கள் சாக்குகளைத் தலையில் கட்டிக்கொண்டு வரிசையாக இறங்கி வந்ததைப் படமெடுத்தேன். கையில் இருந்தது நிக்கான் எஃப்.எம்.10, உள்ளே இல்ஃபோர்டு எச்.பி.5 என்ற கறுப்பு வெள்ளை ரோல். பனிமூட்டத்தில் கேமராவின் ஒளி மீட்டர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. வெள்ளையாக இருப்பதை அது சாம்பலாக்கிவிடும் என்பதால் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டி வைத்தேன். ஃபிலிம் கழுவும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும், சேலத்துக் குழாய்த் தண்ணீரோ டிசம்பரிலும் அவ்வளவுக்கு இறங்குவதில்லை. ஐஸ் கட்டி போட்ட வாளியில் டெவலப்பர் பாட்டிலை வைத்துக் குளிரச் செய்து, அன்றிரவே ரோலைக் கழுவினேன். ஸ்டுடியோ வைத்திருந்த நண்பரின் டார்க் ரூமில் பிரிண்ட் போட்டபோது, தட்டிலிருந்த தாளில் மெல்லமெல்ல முதலில் தலைகளும் பிறகு பாதையும் எழும்பி வந்தன. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதை அம்மாவைப் பெற்ற அம்மாயியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை மடியில் வைத்து, முன்னால் வந்தவளிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலையாக விரலை வைத்து எண்ணினார். பதினொன்று வந்தது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“பின்னால யாராச்சும் நின்னுட்டாங்களா கண்ணு?”

யாரும் இல்லை அம்மாயி, அவ்வளவு பேர்தான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தைப் பாயில் கவிழ்த்து வைத்தார்.

பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஒற்றை வாக்கியமாகவே தெரியும். அந்த வாக்கியத்துக்குள் இருந்ததை அன்று பிற்பகல்தான் அவர் வாயால் கேட்டேன்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசியபோது அவருக்கு ஒன்பது வயது. அவருடைய அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்நாளைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930-இலும் 1938-இலும் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களை மறக்காதவர்கள், குண்டுக்கு மட்டுமன்றி, பிரிட்டிஷ் ஆட்சி விலகிப்போன பின் நேரக்கூடியதற்கும் அஞ்சினார்கள். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ரயிலில் மாண்டலே, மோன்யுவா, அங்கிருந்து சிந்துவின் ஆற்றில் படகு, பிறகு கலேவாவிலிருந்து தமு வழியாக மணிப்பூர் மலைகளைக் கால்நடையாகக் கடப்பது என்று ஆறு பேர் புறப்பட்டார்கள். 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தபோது அவர்கள் வழியில் இருந்தார்கள். அந்த ஆண்டில் தரைவழியாக இப்படி வெளியேறியவர்கள் நான்கைந்து லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு இன்னொரு வழி என்று பிரித்து அனுப்பினார்கள் என்ற குமுறல் அன்றைக்கே இந்தியாவெங்கும் எழுந்தது. அம்மாயிக்கு அந்த அரசியல் தெரியாது. தண்ணீர் இருந்த ஓரிடத்தில் தங்களை உட்கார விடவில்லை என்பது மட்டும் நினைவிருந்தது.

ஒவ்வொரு வளைவிலும் அவருடைய அப்பா நின்று, திரும்பிப் பார்த்து, தலைகளை எண்ணுவாராம். ஆறு ஐந்தானது பேதியால். அது அம்மாயியின் அப்பத்தா. ஐந்து நான்கானதும் பேதியால்தான். அது அம்மாயியின் தம்பி. அதற்குப் பிறகு அப்பா எண்ணுவதை விட்டுவிட்டார், தான் எண்ணத் தொடங்கியதாக அம்மாயி சொன்னார்.

திமாப்பூரில் ரயிலேறிக் கல்கத்தா வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தால், சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்திருந்ததால், அரசு அலுவலகங்கள் கடலோரத்தை விட்டு உள்பகுதி ஊர்களுக்கு மாற்றப்பட, மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். “எங்க போனாலும் ஓடுற சனமாவே இருந்துச்சு” என்றார். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நால்வரும் சேலத்தில் இறங்கினார்கள். ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் சொந்தக்காரர் ஒருவர் மேஸ்திரியாக இருந்தார், மலையேறிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பி நெகடிவை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு அடுத்த ஃபிரேமை, கை சற்று அசைந்துவிட்டதென்று நான் ஒதுக்கியிருந்தேன். அதில் பாதை மேட்டில், பனிக்குள் பாதி தெரிய, பன்னிரண்டாவதாக ஒருத்தி சாக்கை இறக்கி வைத்துத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதையும் பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். அம்மாயி வெகுநேரம் பார்த்தார். “வந்துட்டாளா” என்று கேட்டுவிட்டு, இரண்டு படங்களையும் சேர்த்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். கை அசைந்த படம் என்று நான் ஒதுக்கும் வழக்கம் அன்றோடு போயிற்று.

2016-இல் அவர் காலமான பிறகு, ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த குடும்பப் படம் என்னிடம் வந்தது. அவருடைய அம்மா அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாராம். ஒரு மடிப்பு சரியாகச் சின்னப் பையனின் நெற்றியில் விழுந்திருக்கிறது. படத்தைச் சற்றுச் சாய்த்தால் இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த ஒரு பளபளப்பு ஓடும். ஈரத்தில் இருந்த படத்தின் வெள்ளி காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து படிவதால் அப்படி ஆகும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மெருகேற்றுபவர்களுக்கு அந்த நிறம் பழக்கமானதாகவே இருக்கும்.

மடிப்பைக் கம்ப்யூட்டரில் அழித்துப் புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்று உறவினர் ஒருவர் அன்போடு சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்த நடைப்பயணத்தைப் படமெடுக்க யாரும் இருக்கவில்லை, அதில் எங்களிடம் மிஞ்சிய தடயம் அந்த மடிப்பு ஒன்றே. சென்ற மாதம் படத்தைத் தரையில் விரித்து, பளபளப்பு விழாதபடி இருபுறமும் நாற்பத்தைந்து டிகிரியில் விளக்கு வைத்து, மேக்ரோ லென்ஸில் எஃப்.பி.4 ஃபிலிமில் நகலெடுத்தேன். நெகடிவ் உறையின் மேல், நிற்பவர்களின் வரிசைப்படி பெயர்களைப் பென்சிலால் எழுதினேன். ஐந்து பெயர்கள் அம்மாவுக்குத் தெரிந்திருந்தன. ஆறாவது பெயரைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. அம்மாயி அவனை ஒருபோதும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. அந்த இடத்தில் அவர் சொன்னபடியே ‘தம்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.